ஜீவராணியின் வாயில் வேறொரு குரல்

பங்களா கேட்டுக்கு முன்னால் வெள்ளைக்காரர்களின் வேன்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. கொழுந்து லொறி நகர முடியவில்லை. பகலில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துச் சாக்குகளை ஏற்றியாகிவிட்டது. டிரைவர் ஹோர்ன் அடித்துப் பார்த்தான், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலில் கிடந்து கொழுந்து கருகினால் பறித்தவர்கள் தலையில்தான் பழி விழும். ஜீவராணி கூடையை இறக்கி வைத்துவிட்டு, கேட்டுக்கு அருகில் போய் நின்று ஒரு சத்தம் போட்டாள்.

டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஜீவராணியின் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. கீழ் மலையில் அவள் பேசினால் மேல் லயத்து வீடுகளில் கேட்கும். நிறுவையில் கைவைத்த கணக்கப்பிள்ளை ஒருவர் அவள் வாய்க்குப் பயந்தே வேறு தோட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார் என்று சொல்வார்கள். கரகரவென்ற கட்டைக் குரல். சின்னப் பிள்ளையில் அதற்காக அவளைக் கேலி செய்தவர்கள், இப்போது தோட்டத்தில் ஏதாவது வழக்கு என்றால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தச் சத்தத்துக்கு வேன்கள் ஒதுங்கின. லொறி போனது. ஜீவராணி கூடையைத் தூக்கப் போனபோது, மழைச் சட்டை போட்ட ஒல்லியான வெள்ளைக்காரர் ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். அவர்தான் டைரக்டர் ஆலன். பின்னால் வந்த ஜெனுஷா என்ற பெண் கொழும்பிலிருந்து உதவிக்கு வந்தவள். இந்தக் குரல்தான் வேண்டும் என்கிறார், ஒரு காட்சியில் நடிக்க முடியுமா என்று அவள் தமிழில் கேட்டாள்.

சின்னக் கம்பனி அது. ஆட்களும் குறைவு, சாமான்களும் குறைவு. ஆயா வேடத்துக்கு வரவேண்டிய நடிகை, மண்சரிவில் பாதை அடைபட்டு கினிகத்தேனையோடு திரும்பிவிட்டார். வேறு ஆள் தேட அவர்களுக்கு நாளும் இல்லை, வழியும் இல்லை.

படத்தின் இங்கிலீஷ் பெயர் நீளமானது. தோட்டத்தில் எல்லாரும் பங்களாப் படம் என்றே சொன்னார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதை. பங்களாத் துரை நஞ்சு குடித்துச் செத்துக் கிடக்கிறார். துப்பறிய லண்டனிலிருந்து ஒருவர் வருகிறார். கொலையைச் செய்தது அவர் பெண்சாதி துரைசாணியும் தோட்டத்துக் கிளாக்கரும். அதைக் கண்ணால் கண்டவள் ஆயா. ஆனால் ஆயாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். விசாரணையில் அவள் சொல்வதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல உட்கார்ந்திருப்பவர் அதே கிளாக்கர். அவள் உண்மையைச் சொல்வாள், அவர் வேறொன்றைச் சொல்வார்.

ஜெனுஷா கையில் இருந்த வசனம் சுத்தப் புத்தகத் தமிழில் இருந்தது. இப்படி யாரும் பேச மாட்டாங்க என்று ஜீவராணி சொன்னாள். அவள் இஷ்டப்படி சொல்லட்டும் என்றார் ஆலன். அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் தம்பியை ஒரு திருட்டு வழக்கில் ஆள் மாறிப் பிடித்துக்கொண்டு போனபோது, பொலிஸில் அவளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் இடையில் நின்றவர் நாலு சிங்களச் சொல்லில் முடித்துவிட்டார். கடைத்தெருவுக்குப் போதுமான சிங்களம் அவளுக்குத் தெரியும். தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று விளங்க அது போதுமாக இருந்தது. அன்றைக்கு அந்த ஆளைக் காட்டிச் சொல்லாமல் விட்டதை இப்போது ஆயாவின் வாயில் வைத்தாள்.

காட்சி எடுத்த அன்று பங்களாவின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆலன் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்னார். நாலாவது தடவை அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. கிளாக்கராக நடித்தவரைப் பார்த்து விரலை நீட்டி, "நான் சொன்னத இவரு சொல்ல மாட்டாருங்க தொரை. இவரு மூஞ்சப் பாருங்க" என்றாள். அதோடு ஆலன் போதும் என்றார். பல் தெரியச் சிரித்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் படம் வெளியே வந்தது. தியேட்டருக்கு வரவில்லை, நெட்டில் வந்தது. வேலைக்குப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் பவுலின் ஜீவராணிக்கு நெருங்கிய சிநேகிதி. தோட்டத்தில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த சிலரில் அவளும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து, தன் வீட்டு டீவியில் போனை மாட்டிப் படத்தைப் போட்டாள். லயத்தில் பாதிப் பேர் அந்தச் சின்ன அறையில் வந்து அடைந்தார்கள். ஜீவராணியின் புருஷன் சோலைமலை, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து வந்த உடுப்போடு வாசலில் நின்றான்.

படம் மெதுவாகப் போனது. மூடுபனி, குடை, மேசை விளக்கு, மறுபடியும் மூடுபனி. கடைசியில் விசாரணைக் காட்சி வந்தது. வெள்ளைச் சேலையில் ஜீவராணி முகம் டீவி நிறைய நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். டீவியில் அவள் வாய் திறந்தது.

"துரைசாணிதான் பின்கதவைத் திறந்து விட்டவா. கிளாக்கர் ஐயா உள்ளுக்க வந்தவர். நான் என்ர கண்ணால கண்டனான்."

மெல்லிய குரல். யாழ்ப்பாணப் பேச்சு. அறையில் ஒரு கணம் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பக்கத்துக் காம்பரா ராக்காயி, ஜீவா எப்போது யாழ்ப்பாணம் போய் வந்தாள் என்று கேட்டாள். சிரிப்பு வெடித்தது. சோலைமலையும் சிரித்தான். பிறகு பெண்சாதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். டீவியில் அவள் விரல் நீண்டது. "நான் சொன்னதை இவர் சொல்ல மாட்டார் துரை. இவற்ற முகத்தைப் பாருங்கோ" என்று அந்த மெல்லிய குரல் நடுங்கியது. ஜீவராணி எழுந்து வெளியே போய்விட்டாள். படத்தின் கடைசியில் ஓடிய பெயர்களில் அவள் பெயர் இல்லை என்பதைப் பவுலின்தான் வந்து சொன்னாள். தோட்ட மக்களுக்கு நன்றி என்று மட்டும் ஒரு வரி இருந்ததாம்.

பவுலின் ஜெனுஷாவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் குரல் பதிவாக வந்தது. மழைச் சத்தத்தில் பதிவு கெட்டுப் போய்விட்டதாம். ஜீவராணியைக் கொழும்புக்குக் கூப்பிட்டு மறுபடி பேசவைக்கக் கம்பனிக்கு வசதி இல்லையாம். லண்டனிலேயே ஒரு தமிழ்ப் பெண்ணைப் பிடித்துப் பேசவைத்துவிட்டார்களாம். தனக்கே பிறகுதான் தெரியும் என்று அவள் மன்னிப்புக் கேட்டாள். "அவங்களுக்கு எல்லாத் தமிழும் ஒண்ணுதானே அக்கா" என்று முடித்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணு. நமக்கு?" என்று ஜீவராணி போனைப் பார்த்துக் கேட்டாள். போனில் பதிவு முடிந்திருந்தது.

அதோடு விட்டிருப்பாள். சோலைமலையும் அதைத்தான் சொன்னான். ஆனால் பவுலினுக்கு ஒரு பழக்கம், எதையும் பாதியில் விட மாட்டாள். லண்டனில் இந்தப் படத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடித் தேடி வாசித்துச் சொன்னாள். பெரிய பத்திரிகைகள் இரண்டு வரியில் தள்ளிவிட்டிருந்தன. மூடுபனியை எடுத்துவிட்டால் படத்தில் மிச்சம் ஒன்றுமில்லை என்று ஒருவர். துப்பறிகிறவரை விட அவருடைய ஒட்டு மீசைதான் நன்றாக நடித்திருக்கிறது என்று இன்னொருவர். இதற்கெல்லாம் ஜீவராணி சிரித்தாள். ஆலனுக்காகக் கொஞ்சம் பாவப்படவும் செய்தாள்.

ஒரு இணைய சஞ்சிகையில் மட்டும் நீளமாக எழுதியிருந்தார்கள். படம் முழுக்க வீண், ஒரு காட்சியைத் தவிர என்றது அது. வேலைக்காரி வாய் திறக்கும் காட்சி. "இவர் முகத்தைப் பாருங்கள்" என்ற வசனத்துக்காகவே திரைக்கதை எழுதியவரைப் பாராட்ட வேண்டும். அந்தக் குரலில் இருக்கும் நடுக்கம், பயந்து பயந்து வரும் உண்மை, அதை மறக்க முடியாது. கேமராவுக்குப் பழக்கமில்லாத உள்ளூர் முகம் ஒன்றின் மேல் அந்தக் குரல் வந்து உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுக்கிறது.

பவுலின் வாசித்து முடித்தபோது ஜீவராணி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கையை மாவோடு அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வசனம் நான் சொன்னது. படக்கதை எழுதினவருக்கு அது தெரியவே தெரியாது. நடுக்கமா? நான் எங்க நடுங்கினேன் பவுலினு? எனக்கு வந்தது கோவம்."

அடுத்த அடி ஊருக்குள்ளிருந்தே விழுந்தது. ஹட்டனில் இருக்கும் லோஜன் என்பவர் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இதழில் சினிமா பற்றி எழுதுகிறவர். லிந்துலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர், மலையகத்தைப் பற்றி யாராவது தப்பாகக் காட்டினால் விடமாட்டார் என்று பெயர். பங்களாப் படத்தை அவர் கிழித்து எறிந்திருந்தார். சோலைமலை ஸ்டோரில் வடை சுற்றி வந்த தாளில் அதைப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தான். எண்ணெய் ஊறிய தாளை ஜீவராணி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.

"எங்கள் மலைகள் வேண்டும், எங்கள் பங்களாக்கள் வேண்டும், எங்கள் பெண்கள் மட்டும் வேண்டாம். டிக்கோயாவில் நடக்கும் கதையில் ஆயா யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுகிறார். வாய் திறந்த உடனேயே இவர் நம்மவர் அல்ல என்பது தெரிந்துவிடுகிறது. கொழுந்துக் கூடையைத் தொட்டே அறியாத முகம். மலையகத்தில் நடிக்க ஒரு பெண் கூடவா இவர்களுக்குக் கிடைக்கவில்லை?"

அவள் பாட்டன் காலத்திலிருந்து அவள் வீட்டார் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்து, அந்தத் தோட்டத்தில்தான் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் விரல் நுனிகளில் கொழுந்துக் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போவதில்லை. வெள்ளைக்காரன் அவள் குரலை எடுத்தான். இந்த மனுஷன் அவள் முகத்தையும் எடுத்துக்கொண்டான் என்று அவளுக்குப் பட்டது. அவர் நல்லதுக்குத்தானே எழுதியிருக்கிறார், நம்ம பக்கம்தானே நிற்கிறார் என்று சோலைமலை சொல்லிப் பார்த்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "நம்ம பக்கம் நிக்கிறவரு நம்மளப் பார்த்தா அடையாளம் தெரியணுமில்ல?" என்றாள்.

லோஜன் நடத்தும் திரைப்பட வட்டம், ஹட்டனில் ஒரு மண்டபத்தில் அந்தப் படத்தைப் போட்டு விமர்சனக் கூட்டம் வைக்கப் போவதாக அறிவித்தது. சனிக்கிழமை காலை. ஜீவராணி அன்றைக்குப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகவில்லை. பவுலினையும் சோலைமலையையும் கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஆசிரியர்கள், தொழிற்சங்கக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், படிக்கிற பிள்ளைகள் என்று மண்டபம் பாதி நிறைந்திருந்தது. அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. படத்தில் வெள்ளைச் சேலையும் எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய தலையுமாக இருந்தவள், இங்கே குளிருக்கு ஜெர்சி போட்டு மேலே சால்வை சுற்றி உட்கார்ந்திருந்தாள்.

படம் முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். ஆயாவைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அவளுக்கு நடந்த அநியாயத்தை ஒருவர் வரலாற்றிலிருந்து தொடங்கினார். அந்த நடிகைக்கு மலையகம் என்றால் என்னவென்றே தெரியாது என்றார் இன்னொருவர். லோஜன் கடைசியாக எழுந்தார். முப்பது முப்பத்தைந்து வயது, கண்ணாடி, நிதானமான பேச்சு. அந்தக் காட்சியை இன்னொரு தடவை பார்ப்போம், எங்கே தப்பு நடக்கிறது என்று காட்டுகிறேன் என்று சொல்லிப் படத்தைப் போடச் சொன்னார். திரையில் ஜீவராணி வாய் திறந்தாள். யாழ்ப்பாணக் குரல் வந்தது.

ஜீவராணி எழுந்து நின்றாள்.

"தம்பி, சத்தத்த நிப்பாட்டுங்க."

லோஜன் புரியாமல் பார்த்தார். கேள்விகள் பிறகு என்றார். அவள் உட்காரவில்லை.

"படத்துல இருக்கிறது நாந்தான். சத்தத்த மட்டும் நிப்பாட்டுங்க. படம் ஓடட்டும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். லோஜன் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கணினிக்கு முன்னால் இருந்தவரிடம் கையைக் காட்டினார். சத்தம் நின்றது. ஜீவராணி பேசத் தொடங்கினாள். ஆனால் திரையில் வாய் அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது. அவள் பாதியில் நிறுத்தி, திரும்பப் போடச் சொன்னாள். திரும்பப் போட்டார்கள்.

இந்தத் தடவை திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தன் வாயைத் தானே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"தொரைசாணிதாங்க பின்கதவத் தொறந்து விட்டாங்க. கிளாக்கரையா உள்ள வந்தாரு. நான் பார்த்தேங்க. கோப்பையில என்னமோ கலக்குனதையும் பார்த்தேன்."

மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. திரையில் உதடு அசைந்த இடமெல்லாம் அவள் குரல் போய் ஒட்டியது. விரல் நீண்டபோது மண்டபத்தில் நின்றவளின் விரலும் அவளுக்குத் தெரியாமலே நீண்டது. "நான் சொன்னத இவரு சொல்ல மாட்டாருங்க தொரை. இவரு மூஞ்சப் பாருங்க." திரையில் நடுங்குவது போல இதுவரை தெரிந்த முகம், அந்தக் குரல் வந்ததும் கோபமான முகமாகத் தெரிந்தது. அதுவரை அது எப்படித் தெரியாமல் போனது என்று பவுலினுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கை தட்டத் தொடங்கினார்கள். ஜீவராணிக்கு அது பிடிக்கவில்லை. தட்டி முடியும்வரை நின்றுவிட்டு லோஜனைப் பார்த்தாள்.

"மலையகப் பொம்பள ஒருத்தி கூடவா கெடைக்கலைன்னு எழுதுனீங்க தம்பி. எழுத முந்தி டிக்கோயாவுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பஸ்ஸு கூட வேணாம். நடந்தே வரலாம்."

"நான் குரலைத்தான் சொன்னேன் அக்கா" என்றார் லோஜன். "குரல் பொய்தானே."

"கொரலு பொய். சரி. கூடையத் தொடாத மூஞ்சின்னு எழுதினது?"

லோஜன், தான் எழுதியது தப்பு என்று மேடையிலேயே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்திருந்தது. ஜீவராணி தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டாள் என்று கூட்டம் நினைத்தது. அவள் கால் வலியில் உட்கார்ந்தாள்.

கூட்டத்தில் யாரோ அதைப் போனில் எடுத்திருந்தார்கள். அது பரவியது. அடுத்த ஞாயிறு லோஜன் மறுபடி எழுதினார். தன் தவறை மறைக்காமல் எழுதியிருந்தார், அவள் பெயரையும் சரியாகப் போட்டிருந்தார். ஆனால் தலைப்பு "குரலற்றவர்களின் குரல்" என்று இருந்தது. பவுலின் பெருமையோடு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ஜீவராணி தலைப்பைத் தாண்டவில்லை.

"எனக்கு எப்ப கொரலு இல்லாமப் போச்சு? இருந்துச்சு. எடுத்துட்டாங்க. ரெண்டும் ஒண்ணா?"

பவுலின் அதையும் லோஜனுக்கு அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து, நீங்கள் சொல்வது சரி அக்கா என்று ஒரு வரி வந்தது.

ஆலனிடமிருந்தும் செய்தி வந்தது. வருந்துகிறேன், உங்கள் பெயரைச் சேர்த்துவிடுகிறேன், ஆனால் குரலை மாற்றப் படத்தை விற்ற இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். பெயரைச் சேர்த்தார்கள். அது படத்தின் கடைசியில் வேகமாக ஓடி மறைகிறது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், மலையில் சாப்பாட்டு நேரத்தில், வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. ஜீவராணி எடுத்தாள். அதே மெல்லிய குரல்.

"அக்கா, நான் சுகிர்தா. லண்டனில இருந்து கதைக்கிறன். உங்கட வீடியோ பாத்தனான்."

ஜீவராணி அவளை ஏசினாள். கூட இருந்த பெண்கள் சோற்றுப் பெட்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அடுத்தவள் வாயில் பேசும்போது அந்தப் பொம்பளை யார், எந்த ஊர் என்று கேட்கத் தோன்றவில்லையா என்று கேட்டாள்.

"கேட்டனான் அக்கா. அவவுக்குக் கதைக்க வராது, ஊமை எண்டு சொன்னவை. ஊமை ஒராளுக்கு உதவி செய்யிறன் எண்டுதான் நினைச்சன்."

அதற்குப் பிறகு ஜீவராணிக்கு அவளை ஏச வரவில்லை. கோபம் போய்விட்டது என்றில்லை. அது அவளைத் தாண்டிப் போய் வேறு இடத்தில் விழுந்தது. வயோதிபர் இல்லத்தில் வேலை செய்யும் அந்தப் பெண், ஒரு பின்னேரம் யாரோ ஒருவருடைய கராஜில் உட்கார்ந்து பேசிக் கொடுத்துவிட்டு வந்தவள். அவள் பெயரும் படத்தில் இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆலனைச் சேர்ந்து திட்டினார்கள். ஒருத்தி ஒரு பேச்சில், மற்றவள் இன்னொரு பேச்சில்.

அந்த இணைய சஞ்சிகைக்காரருக்கு இங்கிலீஷில் எழுதியது சுகிர்தாதான். வசனம் எழுத்தாளருடையது அல்ல, ஜீவராணி என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளியுடையது, முகமும் அவருடையது, குரல் மட்டும் என்னுடையது என்று எழுதினாள். கொஞ்ச நாளில் விமர்சனத்தின் அடியில் ஒரு திருத்தம் வந்தது. வசனத்தின் உரிமை ஜீவராணிக்கு என்று அதில் இருந்தது. மேலே, உள்ளூர் முகம் என்ற சொல் அப்படியே நின்றது. அதையும் எடுக்கச் சொல்லி எழுதச் சொன்னாள் ஜீவராணி. எழுதினார்கள். இன்றுவரை பதில் வரவில்லை.

போன மாதம் லிந்துலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தில், இவர்தான் பங்களாப் படத்தில் நடித்தவர் என்று யாரோ சந்தோஷமாக டீவியில் படத்தைப் போட்டார்கள். அந்த மெல்லிய குரலின் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல அவளுக்கு அலுப்பாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பந்தலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.